கணினி தாண்டிச் செல்லும் வரிகள்

ஜூலை 8, திங்கள்

இந்த ஃபைலைத் திறந்தவர் யாராக இருந்தாலும் உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன், இதை யாரிடமும் காட்டாதீர்கள். எங்கள் அப்பாவிடம் காட்டாதீர்கள். சித்தப்பாவிடம் காட்டவே காட்டாதீர்கள். தெரியாமல் திறந்திருந்தால் அப்படியே மூடிவிட்டுப் போய்விடுங்கள். நான் யார் என்று தேட வேண்டாம்.

ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் இரண்டு சாய்கோடு போட்டிருக்கிறேன். அப்படிப் போட்டால் அது கமெண்ட். புரோகிராம் ஓடும்போது கணினி அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். மனிதர்கள் படிப்பதற்காக எழுதி வைக்கும் வரி அது, ஆனால் மனிதர்களும் அதைப் படிப்பதில்லை. இதைவிட நல்ல ஒளிவிடம் எனக்குத் தெரியவில்லை. காகிதத்தில் எழுதினால் அம்மா கண்டுபிடித்துவிடுவாள். அம்மா என் பையைத் தினமும் திறந்து பார்க்கிறாள்.

என் பெயர் மிருதுளா. பிளஸ் ஒன், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். இந்த அறையில் முன்பு நானும் அக்காவும் படுப்போம். சித்திரையில் அக்கா, செல்வின் மாமாவோடு போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். மாமா எங்கள் அப்பாவின் பஸ் பாடி கட்டும் பட்டறையில் பெயர் எழுதும் பெயின்டராக இருந்தவர். வேறு ஆட்கள். அக்கா போன மறுநாள் அப்பா ஸ்குரூ டிரைவரோடு வந்து இந்த அறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றிக்கொண்டு போனார். இப்போது யார் வேண்டுமானாலும் தட்டாமல் உள்ளே வரலாம். அதனால் லேப்டாப் வெளிச்சத்தைக் குறைத்துப் போர்வைக்குள் வைத்து எழுதுகிறேன்.

அக்காவின் பெயரை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. நானும் இங்கே எழுதப் போவதில்லை. அவள் இருக்கும் ஊரையும் தெருவையும் எழுத மாட்டேன். அது இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நேற்று சித்தப்பா சாப்பிட வந்தார். அம்மா பரிமாறிக்கொண்டிருக்கும்போதே அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார். "எடம் மட்டும் தெரியட்டுங்கண்ணா. அப்பறம் பேச்சுவார்த்தை எல்லாம் எதுக்கு. நான் பாத்துக்கறேன்." அப்பா தலையை ஆட்டினார். அம்மா அப்பளம் எடுத்துவர உள்ளே போனாள். சாப்பிட்டு முடியும்வரை அப்பளம் வரவில்லை.

ஜூலை 10, புதன்

பயமாக இருக்கும்போது பாடத்தைப் பற்றி எழுதினால் மனம் அதில் போய்விடுகிறது. அதனால் பள்ளிக் கண்காட்சிக்கு நான் செய்வதைப் பற்றி எழுதுகிறேன்.

எடிட்டரில் நாம் பார்ப்பது எழுத்து. எடிட்டர் அதை எழுத்தாக வைத்துக்கொள்வதில்லை. நாம் தட்டத் தட்ட உள்ளே ஒரு மரம் கட்டிக்கொண்டே போகிறது. ஃபைல்தான் அடிமரம், ஃபங்ஷன்கள் கிளைகள், கடைசியில் ஒரு பெயர், ஒரு எண் என்று இலைகள். எடிட்டருக்குப் புதிய வேலை சொல்லிக்கொடுக்க நினைப்பவர்கள் பிளக்இன் எழுதுவார்கள். அவர்கள் கையில் எடிட்டர் கொடுப்பது எழுத்தை அல்ல, இந்த மரத்தைத்தான். கம்பைலர் கமெண்ட்டைத் தூக்கி வீசிவிடும். எடிட்டரின் மரம் எதையும் வீசாது. இரண்டு சொல்லுக்கு நடுவில் இருக்கும் காலி இடத்துக்குக்கூட அதில் ஒரு இலை உண்டு.

என் பிளக்இன் ஒரு ஃபோல்டரில் இருக்கும் எல்லா ஃபைல்களின் மரத்திலும் ஏறி இறங்கும். கமெண்ட் இலைகளை மட்டும் பறித்துவந்து வலது பக்கத்தில் வரிசையாகக் காட்டும். தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்கள் முதலில் தமிழ்க் கமெண்ட்டைப் படித்துவிட்டுப் பிறகு புரோகிராமைப் படிக்கலாம். கம்ப்யூட்டர் மிஸ்ஸுக்குப் பிடித்துப்போய்விட்டது.

எனக்குப் பிடித்தது வேறு. ஒரு பெயர் பிறக்கும் இடம் ஒன்று. பிறகு அது வரும் இடமெல்லாம் வெறும் சுட்டு. சுட்டில் ஒன்றும் கிடையாது. அதைத் தட்டினால் பிறந்த இடத்தில் கொண்டுபோய் விடும். எங்கள் வீட்டில் அக்காவின் பெயரைத் தேடினால் ஒரு இடத்திலும் கிடைக்காது. ஆனால் அப்பா "போனவ" என்கிறார், சித்தப்பா "அந்தச் சனியன்" என்கிறார், அம்மா ஒன்றும் சொல்லாமல் பெருமூச்சு விடுகிறாள். எதைத் தட்டினாலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும்.

இந்த லேப்டாப் என் கூடப் பிறந்த கௌசிக் அண்ணன் கொடுத்தது. சாஃப்ட்வேர் கம்பெனியில் புதியது கொடுத்ததும் பழையதை எனக்கென்று துணியால் துடைத்துக் கொடுத்தான். ஃபோனும் அவன் கொடுத்ததுதான். பழைய ஃபோன், சார்ஜ் நிற்காது என்று அவனே எழுதிய பேட்டரி சேவர் போட்டுத் தந்தான். அதை மட்டும் அழித்துவிடாதே பாப்பா என்றான். இந்த வீட்டில் இப்போது என்னிடம் சிரித்துப் பேசுவது அவன் ஒருவன்தான்.

ஜூலை 13, சனி

பார்த்துவிட்டு வந்தேன்.

வீட்டில் சனிக்கிழமை கணக்கு டியூஷன் இரண்டு பேட்ச் என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு ஒன்றுதான். டியூஷன் சார் வாசலில் ஒரு நீல வாளி வைத்திருக்கிறார், எல்லோரும் ஃபோனை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வகுப்பு முடிந்ததும் நான் ஃபோனை எடுக்காமலே போய்விட்டு, அக்காவைப் பார்த்துவிட்டு வந்து எடுத்துக்கொள்வேன். வழியில் அண்ணன் கூப்பிட்டால் என்ன சொல்வது என்ற பயம் இல்லை.

அக்கா மெலிந்துவிட்டாள். ஓயாமல் வாந்தி. ஏன் என்று கேட்டதற்கு அக்காவும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள், பிறகுதான் எனக்குப் புரிந்தது. உப்பில் ஊறிய நெல்லிக்காய் வேண்டுமாம், அந்தப் பக்கம் எங்கேயும் கிடைக்கவில்லையாம். அடுத்த சனி ஸ்கேனுக்குப் போகிறாள், வராதே என்றாள். அதற்கடுத்த சனி வரும்போது அந்த ஃபோனைக் கையில் கொண்டுவா, அம்மாவின் ஃபோட்டோ பார்க்க வேண்டும் என்றாள்.

அம்மா கட்டிக்கொடுத்த புளிசாதத்தை இருவரும் சாப்பிட்டோம். அம்மா இப்போதெல்லாம் பெரிய டப்பாவில் கட்டுகிறாள். திரும்பி வந்ததும் டப்பாவைத் திறந்து பார்த்தாள். "பத்துச்சா?" என்றாள். பத்துச்சு என்றேன். எனக்கு எவ்வளவு பசிக்கும் என்று தெரியாதவளா அம்மா? எதற்கு இந்தக் கேள்வி? எதையோ வேவு பார்க்கிறாள்.

ஜூலை 15, திங்கள்

முட்டாள்தனம் செய்துவிட்டேன். வாந்தி நிற்க என்ன கொடுப்பார்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். கூடப் படிக்கும் பெண்ணின் அண்ணிக்கு என்று சொன்னேன். அம்மா குழம்பைக் கிளறிக்கொண்டிருந்த கரண்டியை அப்படியே வைத்திருந்தாள். அடிப்பிடிக்கும் வாசனை வந்த பிறகுதான் அடுப்பை அணைத்தாள். எந்தப் பெண், எந்த அண்ணி என்று ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பயந்திருக்க மாட்டேன்.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. தேங்காய் சுட்டு, பாயசம் வைத்தோம். அம்மா தட்டுகளை எடுத்து வைக்கும்போது ஒன்று அதிகமாக வைத்துவிட்டாள். அப்பா அந்தத் தட்டைக் காலால் தள்ளினார். அம்மா அதை எடுத்துக் கழுவி வைத்தாள், அது சுத்தமாகத்தான் இருந்தது.

நாம் பாதி வரியில் நிறுத்திவிட்டாலும் எடிட்டர் மரம் கட்டுவதை நிறுத்தாது. இல்லாமல் போனதன் இடத்தில், இங்கே ஏதோ இருக்க வேண்டும் என்று ஒரு பிழைக் கிளையை வைத்துவிட்டு மேலே போகும். சிவப்புக் கோடு தெரிவது அதனால்தான்.

சாயங்காலம் அண்ணன் என் கண்காட்சி வேலையைப் பார்க்க வேண்டும் என்று லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். இரவு திருப்பிக் கொடுத்தான். எடிட்டர் பழசாகிவிட்டது, அப்டேட் போட்டேன் என்றான். "பிளக்இன் சூப்பரா வேலை செய்யுது பாப்பா. ஒண்ணு விடாமக் காட்டுது" என்று தலையைத் தட்டினான். சந்தோஷமாக இருந்தது.

ஜூலை 18, வியாழன்

அண்ணன் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு பாட்டில் உப்பு நெல்லிக்காய் வாங்கி வந்தான். எங்கள் வீட்டில் யாரும் அதைச் சாப்பிட மாட்டார்கள். டியூஷனுக்கு எடுத்துக்கொண்டு போ, ஃபிரெண்ட்ஸுக்குக் கொடு என்றான்.

பிறகு சொன்னான். "டியூஷன்ல ஃபோன வாளில போட்டுட்டு அங்கங்க போயிட்டிருக்காத. காலம் கெட்டுக் கெடக்குது. சார்கிட்ட நான் பேசிட்டேன், நீ கையிலயே வச்சுக்கலாம்."

அவனிடம் நான் வாளியைப் பற்றிச் சொன்னதே இல்லை. அம்மா டியூஷன் பக்கம் வந்து பார்த்திருக்கிறாள். அம்மாதான் சொல்லியிருக்க வேண்டும். வாந்தியிலிருந்து நெல்லிக்காய் வரைக்கும் அம்மா கணக்குப் போட்டுவிட்டாள்.

ஜூலை 20, சனி

டியூஷன் முடிந்து நேராக வீட்டுக்கு வந்தேன். ஃபோன் கையில் இருந்தது. தெருமுனையில் சித்தப்பாவின் வெள்ளைக் கார் நின்றது. என்னைப் பார்த்ததும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

ஜூலை 22, திங்கள்

பையில் இஞ்சி மிட்டாய்ப் பொட்டலம் இருந்தது. "பஸ்ஸுல போனா கொமட்டுமில்ல, அதுக்குத்தான்" என்றாள் அம்மா. நான் எங்கேயும் பஸ்ஸில் போவதில்லை. டியூஷனுக்கும் நடந்துதான் போகிறேன். அம்மா என் வாயிலிருந்து எதையோ பிடுங்கப் பார்க்கிறாள்.

ஜூலை 24, புதன் (காகிதத்தில்)

இதை லேப்டாப்பில் எழுதவில்லை. கெமிஸ்ட்ரி ரெக்கார்டின் கடைசித் தாள்களைக் கிழித்து எழுதுகிறேன்.

கண்காட்சியில் காட்டப் பெரிய புரோகிராம் ஒன்று தேவைப்பட்டது. லேப்டாப்பில் அண்ணன் விட்டுவைத்த பழைய வேலைகள் இருந்தன. அவற்றில் என் ஃபோனில் இருக்கும் பேட்டரி சேவரும் இருந்தது. அதைத் திறந்து பிளக்இன்னை ஓடவிட்டேன். வலது பக்கம் கமெண்ட்டுகள் வந்து விழுந்தன. எல்லாம் இங்கிலீஷ். நடுவில் ஒன்று மட்டும் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்.

'ஃபைண்ட் அக்காவ பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா கூப்பிடணும். பாப்பா போற எடம் ரெண்டு நம்பருக்கும் போகணும், எனக்கு, சித்தப்பாவுக்கு.'

முதலில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஃபைண்ட் அக்கா என்ற ஃபங்ஷன் எங்கே என்று தேடினேன். அந்தப் பெயரில் ஒன்றுமே இல்லை. கமெண்ட்டுக்கு நேர்க் கீழே இருந்த ஃபங்ஷனின் பெயர் 'செக் பேட்டரி'. உள்ளே படித்தேன். பேட்டரி என்று எதுவும் இல்லை. ஃபோன் பூமியில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டு, அதை இரண்டு நம்பருக்கு அனுப்புகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. இரண்டு நம்பரும் எனக்கு மனப்பாடம்.

லேப்டாப்பை எனக்குத் தருவதற்கு முன்னால் அண்ணன் பெயரை மாற்றியிருக்கிறான். கையால் மாற்றவில்லை, எடிட்டரை மாற்றச் சொல்லியிருக்கிறான். எடிட்டருக்கு எது எதைச் சுட்டுகிறது என்று தெரியும். பிறந்த இடத்திலும் சுட்டுகள் எல்லாவற்றிலும் ஒன்று விடாமல் பெயரை மாற்றிவிட்டது. ஆனால் கமெண்ட்டுக்குள் இருப்பது அதற்குச் சுட்டு இல்லை, வெறும் பேச்சு. எல்லாம் மாறிவிட்டது என்று நம்பி அவன் மூடிவிட்டான். நானாக இருந்தாலும் நம்பியிருப்பேன்.

இத்தனை நாளும் அக்காவைக் காப்பாற்றியது அந்த நீல வாளி. ஃபோன் எப்போதும் டியூஷன், டியூஷன் என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

வாளியைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. நெல்லிக்காயைப் பற்றியும் சொல்லவில்லை. இரண்டையும் எழுதினேன்.

எடிட்டரில் கடைசியாகத் திறந்த ஃபைல்களின் பட்டியல் ஒன்று உண்டு. அதைப் பார்க்கக்கூட எனக்குத் தேவை இருக்கவில்லை. பிளக்இன்னை என் சொந்த ஃபோல்டரில் ஓடவிட்டேன். எழுதிய நாளிலிருந்து அதை மற்றவர்கள் புரோகிராமில்தான் ஓட்டிப் பார்த்திருக்கிறேன், என்னுடையதில் ஒரு தடவைகூட இல்லை. வலது பக்கத்தில் முதலில் வந்து நின்றது: 'இந்த ஃபைலைத் திறந்தவர் யாராக இருந்தாலும் உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன்.'

ஒன்று விடாமல் காட்டுகிறது என்று சொல்லி அண்ணன் என் தலையைத் தட்டினான்.

ஜூலை 26, வெள்ளி (காகிதத்தில்)

நாளைக்கு நான் ஃபோனோடு அக்காவைப் பார்க்கப் போவேன் என்று அவர்கள் காத்திருக்கிறார்கள். போகாவிட்டால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அண்ணனுக்குப் புரிந்துவிடும். ஃபோனை விட்டுவிட்டுப் போனால் யாராவது பின்னாலேயே வருவார்கள். அழுகை வந்தது. அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவும் அண்ணனும் வீட்டில் இல்லை.

அம்மாவை நான் ஏன் நம்பினேன் என்று எனக்கே தெரியவில்லை. வேறு யாரும் இல்லை, அதுதான் உண்மை. "நீங்க எதுக்கும்மா என் டப்பாவத் தெறந்து தெறந்து பாக்கறீங்க?" என்றேன்.

அம்மா மடிப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரெண்டு பேருக்குன்னுதான் கண்ணு கட்டறேன். அவ சாப்பிட்டாளா இல்லையான்னு எனக்கு வேற எப்படித் தெரியும்?"

அம்மாவுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். முதல் தடவை போய்விட்டு வந்தபோது என் தலையில் அக்கா பின்னிவிட்ட பின்னல் இருந்ததாம். அந்தக் கோணல் வகிடு வேறு யாருக்கும் வராதாம். தினமும் பையைத் திறந்து பார்த்தது, அப்படி ஏதாவது மற்றவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்றுதான். எங்கே இருக்கிறாள் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டால் என் முகத்தில் இருந்து அவர்கள் படித்துவிடுவார்கள் கண்ணு என்றாள்.

ஃபோனைப் பற்றிச் சொன்னேன். மரம், சுட்டு எல்லாம் சொல்லவில்லை. ஃபோன் போகும் இடத்தை அண்ணனுக்கும் சித்தப்பாவுக்கும் சொல்லிக்கொடுக்கிறது என்று மட்டும் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் மடித்த புடவையையே மறுபடி மறுபடி மடித்தாள். அவன் அவளைத் தூக்கி வளர்த்தவன்டி என்றாள். பிறகு எழுந்து முகத்தைக் கழுவிவிட்டு வந்து மாமாவின் நம்பரைக் கேட்டாள். தெருவில் ஜாக்கெட் தைத்துத் தரும் பெண்ணின் வீட்டுக்குப் போய் அவர்கள் ஃபோனிலிருந்து பேசினாள்.

ஆடிப் பதினெட்டு அன்று அக்காவும் மாமாவும் ஊரைவிட்டே போகிறார்கள். அதற்குள் மாமா பெயின்ட் வேலைக்கு வாங்க வேண்டிய சம்பளம் வந்துவிடும். அன்றைக்கு ஆற்றில் ஊரே நிற்கும். பெண்கள் முளைப்பாரியும் மஞ்சள் கயிறும் எடுத்துக்கொண்டு அமராவதிக்குப் போவார்கள். அம்மா போவதை யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

ஜூலை 27, சனி

டியூஷன் சார் இன்று பரீட்சை வைத்துவிட்டார். இரண்டு பேட்ச்சையும் ஒன்றாக உட்காரவைத்துவிட்டார். நகரவே முடியவில்லை. அக்காவிடம் போகவில்லை. அவள் காத்திருந்திருப்பாள். அழுகையாக வருகிறது.

ஜூலை 28, ஞாயிறு

அக்கா வீடு மாறிவிட்டாள். மாமாவுக்குத் திருப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது. ஒரு ஃபிரெண்டின் ஃபோனில் பேசினேன். எங்கே என்று எழுத மாட்டேன் என்று சொல்லியிருந்தேன், ஆனால் திருப்பூர் பெரிய ஊர், எழுதினால் ஒன்றும் ஆகாது. ஆடிப் பதினெட்டு அன்று எல்லோரும் ஆற்றுக்குப் போய்விடுவார்கள். அன்று காலை திருப்பூர் பஸ்ஸில் ஏறிவிடுவேன். அக்கா பஸ் ஸ்டாண்டுக்கு வந்து வீட்டுக்குக் கூட்டிப் போவாள். ஃபோனைக் கட்டாயம் கொண்டுபோக வேண்டும். அம்மாவின் ஃபோட்டோவுக்காக ஏங்கிப்போயிருக்கிறாள்.

அம்மாவை நினைத்தால்தான் பயம். அம்மாவுக்கு மட்டும் தெரிந்துவிடக் கூடாது.

ஜூலை 28, ஞாயிறு (காகிதத்தில்)

நேற்றும் இன்றும் ஃபைலில் எழுதியது பொய். பரீட்சை இல்லை. திருப்பூர் இல்லை. நான் எழுதிய முதல் பொய்க் கமெண்ட். கணினி இதையும் தாண்டித்தான் போகும், படிக்கிறவன் தாண்ட மாட்டான்.

அம்மாவைப் பற்றி அந்தக் கடைசி வரியை எழுதும்போது அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். "நல்லாத்தான் எழுதற" என்றாள்.

ஜூலை 30, செவ்வாய் (காகிதத்தில்)

அண்ணன் மறுபடியும் அப்டேட் போட வேண்டும் என்று லேப்டாப்பை மாடிக்கு எடுத்துப் போனான். திருப்பிக் கொடுக்கும்போது என்னை நேராகப் பார்க்கவில்லை. "ஆடிப் பதினெட்டுக்கு எங்க பாப்பா போற?" என்றான். அம்மாவோடு ஆற்றுக்கு என்றேன். சரி என்றான். திரும்பி நடந்தவன் நின்று, ஃபோனை நன்றாக சார்ஜ் போட்டு வைத்துக்கொள் என்றான்.

சின்ன வயதில் என்னைச் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துப் பட்டறைக்குக் கூட்டிப் போவான். இவனை எப்படி வெறுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 3, சனி (காகிதத்தில்)

எல்லாம் எழுதிவிட வேண்டும்.

காலையில் ஃபோனை சைலன்ட்டில் போட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். திருப்பூர் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். பட்டறைக்குப் பழைய பஸ்கள் வந்து பிரிக்கும்போது கடைசி சீட்டுக்கும் பின்தகட்டுக்கும் நடுவில் சில்லறை, சீப்பு, சின்னக் குழந்தைகளின் செருப்பு எல்லாம் கிடக்கும். போல்ட்டைக் கழற்றினால் ஒழிய யார் கைக்கும் எட்டாது. அந்தச் சந்தில் ஃபோனை விட்டேன். உள்ளே போய்த் தகட்டில் மோதும் சத்தம் கேட்டது. அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டேன்.

அம்மா அங்கே கட்டுச்சோற்றுத் தூக்கோடு, தலையில் பூ வைத்துக்கொண்டு, ஆற்றுக்குப் போகும் மற்றப் பெண்களைப் போலவே நின்றிருந்தாள். அப்பாவும் சித்தப்பாவும் அண்ணனும் காரில் கிளம்பிவிட்டார்கள் என்றாள். யாரும் எங்கே என்று சொல்லவில்லையாம். சித்தப்பா பின்சீட்டில் எதையோ சாக்கில் சுற்றி வைத்தாராம். அம்மா அதைச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆற்றைத் தாண்டும்வரை விடவில்லை.

ஆம், ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான். சென்னை, பெங்களூர் என்று தேடுவார்கள், பாலத்துக்கு அக்கரையில் யாரும் தேட மாட்டார்கள் என்று மாமா சொன்னார். எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் அந்தத் தெருவின் தண்ணீர்த் தொட்டி தெரியும்.

வீட்டில் இரண்டு பையும் ஒரு பாயும்தான் மிச்சம் இருந்தன. அக்கா கதவைத் திறந்தாள். அம்மா வாசலில் நின்றுவிட்டாள். உள்ளே வரவும் இல்லை, அழவும் இல்லை.

"தமயந்தி" என்றாள்.

சித்திரைக்குப் பிறகு அந்தப் பெயரை நான் காதால் கேட்டது அப்போதுதான். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா அவளுக்குப் புது மஞ்சள் கயிறு கொடுத்து மாற்றிக்கொள்ளச் சொன்னாள். எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், புளிசாதம், எல்லாவற்றிலும் ஒரு வாய் ஊட்டினாள். மாமா சுவரோரம் நின்றுகொண்டே இருந்தார். அம்மா அவரைப் பார்த்து, "நீங்களும் உக்காருங்க தம்பி, நேரமாச்சு" என்று இலையைப் போட்டாள். மாமாவின் விரலில் பெயின்ட் ஒட்டியிருந்தது, அதை மறைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

எங்கே போகிறார்கள் என்று அக்கா சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் வாயைப் பொத்தினேன். பிறந்த இடத்தை அழித்துவிட்டால் சுட்டு மட்டும் நிற்கும். எடிட்டர் அதைச் சிவப்பாகக் காட்டும், அவ்வளவுதான் செய்ய முடியும். எத்தனை தடவை தட்டினாலும் அது யாரையும் எங்கேயும் கொண்டுபோய் விடாது. இனிமேல் என்னை எவ்வளவு தட்டினாலும் அப்படித்தான்.

அவர்களை ரயிலேற்ற ஸ்டேஷனுக்கு நாங்கள் போகவில்லை. ஆற்றில் இறங்கிக் கால் நனைத்துவிட்டு, ஈரப் புடவையோடு வீட்டுக்கு வந்தோம். ஃபைல்கள் இரண்டையும் லேப்டாப்பிலிருந்து அழித்தேன், அவனுடைய பேட்டரி சேவரையும் என் நாட்குறிப்பையும். என்னுடையதை முதலில் காகிதத்தில் பார்த்து எழுதிக்கொண்டேன். பிளக்இன்னை அழிக்க மனம் வரவில்லை.

இருட்டி வெகு நேரம் ஆகிவிட்டது. அம்மா அவளுடைய அறையில் படுக்கவில்லை. இங்கே வந்து, தாழ்ப்பாள் இல்லாத இந்தக் கதவை முதுகால் அடைத்துக்கொண்டு குறுக்கே படுத்திருக்கிறாள். ஃபோன் எங்கே என்று கேட்டால் ஆற்றில் விழுந்துவிட்டது என்று சொல்லச் சொன்னாள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். சித்தப்பா சொன்ன அதே வார்த்தைதான், அம்மா சொன்னபோது எனக்குத் தூக்கம் வருவதுபோல் இருந்தது.

கார் வந்துவிட்டது. கதவுகள் சாத்தும் சத்தம். பேச்சே இல்லை. வாசற்படியில் ஒருவர்தான் ஏறி வருகிறார்.

கதவைத் தள்ளுகிறார். அது அசையவில்லை. தாழ்ப்பாளைக் கழற்றிய பிறகு இப்போதுதான் என் அறைக் கதவைத் தட்டுகிறார்கள். "பாப்பா" என்கிறான் அண்ணன். மறுபடியும் தட்டுகிறான். அம்மா எழுந்திருக்கவில்லை, கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்து, தாளை மடி என்று கையைக் காட்டுகிறாள். ரயில் இந்நேரம்